உடையும் பொருள்

ஆனைமுகத்து ஐயனே, ஒடிந்த தந்தத்தையே எழுதுகோலாகப் பிடித்தவனே, ஒடிந்த ஒன்றைக் கொண்டும் எழுதலாம் என்று உலகுக்குக் காட்டியவனே, இந்தக் கிழவனின் கையையும் சிறிது நேரம் பிடித்துக்கொள். நான் எழுதப்போவது உன் புகழன்று. என் மனக்குறை. அதிலும் பொய் கலவாதிருக்க நீயே துணை.

இன்று புரட்டாசித் திங்கள், வளர்பிறைத் தசமி, திருவோண நட்சத்திரம் கூடிய விசயதசமி நன்னாள். கல்வி தொடங்க உகந்த நாள். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் காலையிலிருந்தே குழந்தைகளைக் குளிப்பாட்டிப் பட்டுப்பாவாடை உடுத்திக் கோயிலுக்கு அழைத்துப் போகிறார்கள். நெல்லைப் பரப்பி அதில் முதல் எழுத்தை எழுதவைப்பார்கள். சென்ற ஆண்டு இதே நாளில் என் வீட்டுப் பூசை மாடத்திலும் இரண்டு பேத்திகளின் பாடநூல்கள் மஞ்சள் பொட்டோடு அடுக்கப்பட்டிருந்தன. இன்று அந்த இடத்தில் ஒரு தாம்பாளத்தில் பூ மட்டும் இருக்கிறது.

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவதே என் தொழிலாக இருந்தது. பிறர் எழுதியதில் பிழை கண்டுபிடித்துக் கூலி வாங்கியவன் நான். பணி ஓய்ந்த பின் பழைய பதிகங்களை ஓதுவதே எனக்கு உணவும் உறக்கமுமாயிற்று. மனைவி சிவபதம் அடைந்தபின் கீழ்த்தளத்தில் நான் இருந்தேன். மாடியில் என் ஒரே மகள், மருமகன், இரண்டு பேத்திகள். மகள் அரசு மருத்துவமனையில் செவிலி. மருமகன் தட்டாஞ்சாவடியில் ஒரு தொழிற்கூடத்தில் மேற்பார்வையாளர். பெரியவள் ஐந்தாம் வகுப்பு, சின்னவள் ஒன்றாம் வகுப்பு.

சென்ற ஆண்டு ஆயுத பூசை கழிந்து சில நாள்களில் மகள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கையில் காப்பி இருந்தது. அவள் தானாகக் காப்பி கொண்டுவந்து கொடுத்தால் ஏதோ செய்தி இருக்கிறது என்று பொருள்.

"அப்பா, ட்ரான்ஸ்ஃபர் வந்துடுச்சி. யானத்துக்கு."

எங்கள் ஆட்சிப்பகுதியின் விசித்திரம் வெளியூரார்க்கு எளிதில் விளங்காது. புதுச்சேரி அரசின் ஒரு துண்டு நிலம் ஆந்திரத்தின் நடுவே, கோதாவரிக் கரையில் யானம் என்ற பெயரில் கிடக்கிறது. இங்கே அரசு வேலை பார்ப்பவர் எவரையும் ஒருநாள் அந்தத் தெலுங்கு மண்ணுக்குத் தூக்கிப் போடலாம். இரண்டு மாநிலத்தைக் கடந்து போனாலும் கணக்கில் அது உள்ளூர் மாற்றமே.

"எவ்வளவு காலம்?"

"இந்த ஸ்கூல் வருஷம் முடியறவரைக்கும்னு நெனச்சிக்கங்க. ஜூன்ல பசங்கள இங்கயே பழைய ஸ்கூல்ல சேத்துடலாம். அதுக்குள்ள எனக்கும் திரும்பக் கெடைச்சிடும்."

"தமிழ் வகுப்பு?"

"நம்ம புதுச்சேரிதானேப்பா அது. வண்டி நம்பர்கூட நம்ம நம்பர்தான்."

நான் அதை நம்பினேன். ஒரே அரசு, ஒரே முத்திரை, எனவே ஒரே பாடநூலும் இருக்கும் என்று என் மனம் தானே கணக்குப் போட்டுக்கொண்டது. புதுச்சேரிக்காரன் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. மெய்ப்பில் கண்ணில் படாமல் நழுவுகிற எழுத்துப் போல அது என்னிடமிருந்து நழுவிவிட்டது.

மகளின் இடத்துக்கு வேறொருவர் வந்து சேராததால் அவளை விடுவிப்பது தள்ளிக்கொண்டே போனது. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியாகிவிட்டது. ஐப்பசி மழை தொடங்கியது. வீடெங்கும் அட்டைப்பெட்டிகள். பெரியவள் கைப்பேசியிலேயே கிடந்தாள். சின்னவள் பெட்டிக்குள்ளேயே கிடந்தாள்.

"அப்பா, நீங்கதான் இதுங்கள எங்கேஜ்டா வெச்சிருக்கணும். படிப்பு விட்டுப்போச்சின்னா ஜூன்ல கஷ்டம்" என்றாள் மகள்.

‘எங்கேஜ்’ என்ற அந்தச் சொல் எனக்குச் சற்று உறுத்தியது. இளமையில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் நான். ஒப்பந்தத்தில் கட்டுண்டு கப்பலேறித் தீவுகளுக்குக் கூலிகளாகப் போனவர்களைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் சாயல் அதில் இருந்தது. ஆயினும் மகள் ஏதாவதொன்றில் ஈடுபடுத்தி வைப்பது என்ற இந்தக் காலத்து ஆங்கிலப் பொருளில்தான் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே நான் பேத்திகள் படித்த பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியை ஒரு கன்னியாஸ்திரி. என்னை நன்கறிந்தவர். என் நெற்றியில் திருநீற்றைக் கண்டாலே எழுந்து நிற்பார். ஜூனில் இரண்டு இடங்களைப் பேத்திகளுக்காக ஒதுக்கிவைக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் மேசையிலிருந்த காகித எடையை இப்படியும் அப்படியும் உருட்டினார்.

"பாக்கலாம் ஐயா" என்றார். பிறகு உள்ளே போய் மூன்றாம் பருவத்துத் தமிழ் நூல்கள் இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "படிக்க வைங்க. நல்லதுதானே."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசியதை வேலைப்பளு என்று எண்ணினேன்.

அன்றிலிருந்து கீழ்க்கூடம் பள்ளியாயிற்று. காலையில் கணக்கு, பிறகு தமிழ், பிற்பகலில் பொதுஅறிவு, மாலையில் விளக்கேற்றியபின் பதிகம். என் நோக்கம் ஒன்றே. யானத்தில் இருக்கும் சில மாதங்களில் தமிழ் இற்றுப்போகக் கூடாது. திரும்பி வந்ததும் ஆனித் திருமஞ்சனத்தன்று பெரியவள் எங்கள் தெருக் கோயிலில் ஒரு பதிகத்தை முழுமையாக, பிழையின்றி, புத்தகம் பாராமல் ஓத வேண்டும். அவள் அன்னை அந்த வயதில் அங்கே நின்று ஓதியிருக்கிறாள். இதை நான் வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். எல்லோரும் தலையசைத்தார்கள்.

பெட்டிகளையே பாடமாக்கினேன். எத்தனை தட்டு, எத்தனை தம்ளர், ஒரு பெட்டிக்குள் எவ்வளவு கொள்ளும் என்று பெரியவள் கணக்கிடுவாள். பெட்டியின்மேல் ஒட்டும் சீட்டைச் சின்னவள் தமிழில் எழுத வேண்டும். ‘சமையல்’, ‘பூசை’, ‘துணிமணி’ என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். ‘கவனம்’ என்பதை ‘கவணம்’ என்று எழுதியபோது, இரண்டு சுழிக்கும் மூன்று சுழிக்கும் வேறுபாட்டை விளக்கினேன்.

"மூணு சுழி போட்டா இன்னும் ஜாஸ்தி கவனமா இருப்பாங்க தாத்தா" என்றாள்.

கண்ணாடிச் சாமான்களுக்காக ‘உடையும் பொருள்’ என்று ஒரு சீட்டு எழுதச் சொன்னேன். எழுதினாள். ஒட்டியும் விட்டாள். லாரி வந்த நாளில்தான் உண்மை தெரிந்தது. பாரம் ஏற்றுபவர் ஒருவர் அந்தப் பெட்டியை இரு கைகளாலும் பயந்து பயந்து தூக்கினார். பிறகு ஒரு கைக்கு மாற்றினார். பிறகு தலைக்கு மேலே தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

"பெருசு, உடையும் பொருள்னு போட்டிருக்கீங்க, பஞ்சு மூட்டையாட்டம் இருக்குது!"

பிரித்துப் பார்த்தோம். உள்ளே என் வேட்டிகளும் துண்டுகளும், நடுவில் என் திருநீற்றுச் சம்புடமும்.

"என்னம்மா இது?" என்றேன் சின்னவளிடம்.

"நீங்கதானே சொன்னீங்க! உடையும் இருக்கு, பொருளும் இருக்கு. வேட்டி உடை. விபூதி டப்பா பொருள்."

மருமகன் சுவரில் சாய்ந்து சிரித்தார். "மாமா, இலக்கணப்படி கரெக்ட்டுதானே? நீங்களே மார்க் போடுங்க" என்றார். நானும் சிரித்தேன். அதற்குள் சீட்டு ஒட்டப்படாத ஊறுகாய் ஜாடிப் பெட்டி லாரியின் அடியில் போய்ச் சேர்ந்துவிட்டது. யானத்தில் இறக்கியபோது அதிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் வழிந்தது. அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குள் ஒரு பக்கம் இனிக்கிறது. மற்றொரு பக்கத்தைப் பிறகு சொல்கிறேன்.

தை பிறந்ததும் புறப்பட்டோம். மருமகன் ஜூன்வரை நீண்ட விடுப்பு எடுத்திருப்பதாகச் சொன்னார்கள். சாமான் லாரியில் போக, நாங்கள் காக்கிநாடா போகும் ரயிலில் ஏறினோம். பிள்ளைகளின் பாடம் வழியில் அறுந்துவிடக் கூடாது என்று நானும் உடன் சென்றேன். "நீங்க வந்தாத்தான்பா அதுங்க படிக்கும்" என்று மகளே அழைத்தாள். மாசி முடிய இருந்துவிட்டு நான் முன்னே வந்து வீட்டைத் துப்புரவாக்கி வைப்பது, ஜூனில் அவர்கள் வருவது என்று பேச்சு.

ரயிலில் ஒரு விளையாட்டு வகுத்தேன். வருகிற நிலையங்களின் பெயர்ப்பலகையைத் தமிழில் வாசிக்க வேண்டும். விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு என்று சின்னவள் கூவிக்கொண்டே வந்தாள். எதிர் இருக்கையில் இருந்த அம்மாள் அவளுக்கு முறுக்குக் கொடுத்தார். சென்னையைத் தாண்டிச் சில ஊர்கள் போனபின் பலகைகளில் தமிழ் நின்றுவிட்டது.

"தாத்தா, தமிழக் காணோம்" என்றாள் சின்னவள், பொம்மை தொலைந்ததைப் போல.

பொழுது சாயும் நேரத்தில் கைகாட்டிக்காக வண்டி ஓர் ஊரில் நின்றது. பெரியவள் சன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு, எவரையும் பாராமல், மெதுவாக, எழுத்துக் கூட்டினாள்.

"நா... யு... டு... பே... ட்ட."

தெலுங்கு எழுத்து! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "இது எப்போம்மா கத்துக்கிட்ட?"

அவள் தன் அன்னையைப் பார்த்தாள். அன்னை என் பக்கம் திரும்பாமல் பையில் எதையோ தேடினாள். "சும்மா, யூட்யூப்ல பாத்தா" என்றாள்.

நான் பெருமையால் பூரித்தேன். எதிர் இருக்கை அம்மாளிடம், "தானாகவே கற்றுக்கொண்டாள்" என்று சொல்லிக்கொண்டேன். மழைக்கால மாலைகளில் மாடியிலிருந்து ஏதோ ஒரு பெண்குரல் ஓயாமல் கேட்டதும், அது கார்ட்டூன் என்று சொல்லப்பட்டதும், விளக்கேற்றும் நேரத்துக்குச் சரியாகப் பெரியவள் களைத்த முகத்தோடு கீழே இறங்கி வந்ததும் அப்போது என் நினைவில் ஒன்று சேரவில்லை.

விடியற்காலையில் கோதாவரியைக் கடந்தோம். இத்தனை பெரிய ஆற்றை என் வாழ்நாளில் கண்டதில்லை. கைகூப்பி ஒரு பதிகத்தைத் தொடங்கினேன். இரு பேத்திகளும் இருபுறமும் நின்று சேர்ந்து ஓதினார்கள். பாலத்தின் இரும்புச் சட்டங்கள் தாளம் போட்டன. அந்த இரண்டு குரல்களை நான் எவ்வளவு நம்பினேன் என்பதைச் சொல்ல எனக்கு மொழி போதாது.

யானத்தில் ஆற்றங்கரைக்குச் சற்று உள்ளே ஒரு மாடிவீடு. பிள்ளைகள் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தார்கள். அங்கே தெலுங்கும் இந்தியும் இருந்தன, தமிழ் இல்லை. அது எனக்கு அதிர்ச்சிதான். ஆனால் சில மாதங்கள்தானே என்று ஆற்றிக்கொண்டேன். அதனாலேயே என் மாலைப் பள்ளியை இன்னும் ஊக்கமாக நடத்தினேன். பெரியவள் பதிகத்தின் ஏழாம் பாட்டை எட்டிவிட்டாள். ஒரு பாட்டில் அடி தடுக்கினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவாள். நான் கேட்காமலே தொடங்குவாள். சிவராத்திரியன்று மாலை, தெலுங்கு பேசும் அண்டை வீட்டார் எட்டிப்பார்க்க, மூவரும் வில்வம் இட்டு ஓதினோம். மகள் கதவருகில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்தி என்று எண்ணினேன்.

சிவராத்திரி கழிந்து சில நாள் சென்று ஒரு மாலை. பாயை விரித்து, நூலைப் பிரித்து வைத்துக் காத்திருந்தேன். பெரியவள் வரவில்லை. சின்னவள் மட்டும் வந்து, வேலைக்கு வந்தவள்போல் முறையாகச் சம்மணமிட்டு அமர்ந்தாள்.

"இன்னிக்கி என் டர்ன் தாத்தா."

"எதுக்குமா டர்ன்?"

"உங்கள எங்கேஜ் பண்றதுக்கு. அக்காக்கு நாளைக்கி தெலுங்கு டெஸ்ட். அதான் நான் வந்தேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. காதில்தான் பிழையோ என்று எண்ணினேன். "நான்தானேம்மா உங்கள எங்கேஜ் பண்றேன்?"

"ஐயோ தாத்தா!" அவள் என் அறியாமையைக் கண்டு சிரித்தாள். "நாங்கதான் உங்கள. அம்மா சொன்னாங்க, தாத்தாவ எங்கேஜ்டா வெச்சிருந்தா அவரு எதுவும் கேக்க மாட்டாரு, ஊருக்குப் போறவரைக்கும் நல்லா இருப்பாருன்னு."

"எல்லாரும்தானேம்மா ஊருக்குப் போறோம். ஜூன்ல."

"நாங்க இல்ல. நீங்க மட்டும். அப்பாக்குக் காக்கிநாடால வேலை கெடைச்சாச்சே, புது ஃபேக்டரில. நாங்க இனிமே இங்கதான்..." சட்டென்று வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கிடையே கண்கள் உருண்டன. "இத சொல்லக்கூடாது. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. பிராமிஸ்?"

"சொல்லமாட்டேன்" என்றேன்.

"அப்ப பாட்டு சொல்லட்டா?"

"சொல்லு."

அவள் கண்ணை மூடி, கைகூப்பி, ஒரு பாட்டை முழுமையாகச் சொன்னாள். ஓரெழுத்துப் பிழையில்லை. நான் கற்பித்த இடத்தில் மூச்சு விட்டாள், நான் கற்பித்த இடத்தில் குரலை இழைத்தாள். இறைவன் புகழைப் பாடும் அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு முதியவனைத் தூங்கவைக்கத் தட்டும் தட்டாக என்மேல் விழுந்தன.

மகள் பணி முடிந்து வந்ததும் கேட்டேன். சின்னவள் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் மகளுக்குத் தெரிந்துவிட்டது. சீருடையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் அமர்ந்தாள்.

"ட்ரான்ஸ்ஃபர் தானா வந்துச்சா, நீ கேட்டு வாங்கினியா?"

"கேட்டுத்தான் வாங்கினேன். யாரும் வரமாட்டேங்கற ஊரு. கேட்டதும் குடுத்துட்டாங்க. அவருக்கு இங்க ரெண்டு மடங்கு நல்ல வேலைப்பா. தட்டாஞ்சாவடில இன்னும் எத்தினி நாளைக்கி?"

"அதை என்கிட்ட சொன்னா என்ன?"

"சொன்னா? பெரியவள இங்கயே விட்டுட்டுப் போன்னு ஒத்தக்கால்ல நின்னிருப்பீங்க. நிப்பீங்களா மாட்டீங்களா, அத சொல்லுங்க மொதல்ல."

"நின்னிருப்பேன்."

"அதான் சொல்லல."

அவளுடைய விடை அவ்வளவு சுருக்கமாக, அவ்வளவு நேராக இருந்தது. அதில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

"அதுக்காக சாமி பாட்ட வெச்சா ஏமாத்தறது?" என்றேன். "மறச்சிருந்தா பரவாயில்லம்மா. மறைக்கறது மனுஷங்க பண்றதுதான். நான் ஒக்காந்து ஓதறப்ப, நீங்க எல்லாரும் சேர்ந்து ஒரு கொழந்த கையில கிலுகிலுப்பை குடுக்கற மாதிரி..."

"அப்பா, நீங்க சந்தோஷமா இருந்தீங்க. அம்மா போனதுக்கு அப்பறம் நான் உங்கள அப்படிப் பாத்ததே இல்ல. அத நான் கெடுக்கணுமா?"

"கெடுத்திருக்கணும்."

மருமகன் உள்ளிருந்து வந்தார். நல்ல மனிதர். என்னிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. "மாமா, கோச்சிக்காதீங்க. உங்க டிக்கெட் புக் பண்ணியாச்சி, ஜன்னலோர சீட்டு, கீழ் பெர்த்" என்று கைப்பேசியை நீட்டினார். ஆறுதல் சொல்வதாகவே அவர் எண்ணினார். என் பயணத்தை எவ்வளவு நாளுக்கு முன்னே முடிவு செய்திருந்தார்கள் என்பதை நான் கேட்கவில்லை.

பெரியவளிடம் பேச இரண்டு நாள் ஆயிற்று. அவள் என்னைத் தவிர்த்தாள். பள்ளிக்குக் கிளம்பும்போது வாசலில் நிறுத்தினேன்.

"திரும்ப ஊருக்குப் போகப்போறதில்லன்னு ஒனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"அங்க ஊர்ல இருக்கறப்பவே."

"கோயில்ல ஓதப்போறதில்லன்னும் தெரியும்?"

"ம்."

"அப்பறம் எதுக்கு ஏழு பாட்டு மனப்பாடம் பண்ண? தப்பு வந்தா மொதல்லேர்ந்து ஏன் சொன்ன?"

அவள் காலணியின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மொதல்லேர்ந்து சொன்னா நேரம் போகும்ல தாத்தா" என்றாள்.

பள்ளி வண்டி ஊதியது. ஓடிவிட்டாள்.

அந்தக் குழந்தையின்மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதத்தான் விரும்புகிறேன். எழுதினால் பொய்யாகும். பத்து வயதுப் பிள்ளை, பெரியவர்கள் கொடுத்த வேலையைச் செவ்வனே செய்தாள், அவ்வளவே என்று அறிவு சொல்கிறது. ஆனால் கோதாவரிப் பாலத்தின்மேல் என் இடப்புறம் நின்று கைகூப்பியபோதும் அவள் உள்ளே நேரத்தைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாளோ என்ற ஐயம் வந்துவிட்டது. வந்தபின் அது போவதில்லை. பிள்ளைகளின் படிப்பு அறுந்துவிடக் கூடாதென்று அத்தனை தூரம் போனேன். அவர்கள் படிப்பு ஒருநாளும் அறவில்லை. மாடியில், கைப்பேசியில், தெலுங்கில் அது தடையின்றி நடந்துகொண்டுதான் இருந்தது. கீழ்க்கூடத்தில் நடந்தது என் ஒருவனுக்கான பள்ளி. ஒப்பந்தத்தில் கட்டுண்டவன் நானே. என்ன ஒப்பந்தம் என்றுதான் எனக்குச் சொல்லப்படவில்லை.

பங்குனி தொடக்கத்தில் தனியே திரும்பினேன். என் துணிகள் அதே அட்டைப்பெட்டியில் வந்தன. கட்டும்போது யாரும் அந்தச் சீட்டைக் கிழிக்கவில்லை. புதுச்சேரி நிலையத்தில் இறங்கியதும் ஓர் ஆட்டோக்காரர் பெட்டியை வாங்கினார். சீட்டை வாசித்தார்.

"உடையும் பொருளா? உள்ள என்னா ஐயா, கண்ணாடியா?"

வேட்டி என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, "ஆமாம்ப்பா. மெதுவாவே போ" என்றேன்.

அவர் மெதுவாகவே போனார். வேகத்தடை வரும்போதெல்லாம் ஒரு கையை நீட்டிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். முத்தியால்பேட்டை மணிக்கூண்டைத் தாண்டி என் தெரு வரும்வரை என் ஊர்க்காரர் ஒருவர், எனக்கு முன்பின் தெரியாதவர், நான் சொன்னதை நம்பினார். இறங்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது.

ஜூனில் பள்ளி திறந்த வாரம் தலைமை ஆசிரியையைக் கடைத்தெருவில் சந்தித்தேன். அவரே நின்றார். "ஐயா, மன்னிச்சிக்கங்க. அன்னிக்கே எனக்குத் தெரியும். உங்க பொண்ணு சொல்லவேணாம்னு கேட்டுக்கிட்டாங்க" என்றார். பரவாயில்லை என்றேன். ஊரில் இன்னும் யார் யாருக்குத் தெரிந்திருந்தது என்று எண்ணிக்கொண்டே காய்கறி வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனித் திருமஞ்சனத்தன்று கோயிலுக்குப் போனேன். வேறொரு வீட்டுப் பெண் ஓதினாள். மூன்றாம் பாட்டில் தடுக்கினாள். முதலிலிருந்து தொடங்காமல் மேலே சென்றாள். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று காலை பூசை முடிந்ததும் கைப்பேசியில் படத்தோடு அழைப்பு வந்தது. மகள் முகம், பிறகு சின்னவள் முகம். முன்பல் விழுந்திருக்கிறது. அவள் ‘தாத்தா’ என்றபோது காற்று வந்தது. சரசுவதி பூசைக்கு என்ன செய்தார்கள் என்று அவள் சொன்னதில் பாதி தெலுங்கு. பெரியவள் வந்து நின்றாள். உயரமாகிவிட்டாள். திரைக்கு வெளியே மகளின் குரல் தாழ்ந்து கேட்டது.

"ஒரு பாட்டு சொல்லுடி. தாத்தா கேப்பாரு."

பெரியவள் கைகூப்பினாள். வாயைத் திறந்தாள்.

"வேணாம்மா" என்றேன்.

கூப்பிய கை அப்படியே நின்றது.

"எனக்காகச் சொல்லவேணாம். ஒனக்கா எப்பவாவது சொல்லணும்னு தோணிச்சின்னா அப்ப சொல்லு. நான் கேக்கலன்னாலும் பரவாயில்ல. கேக்கவேண்டியவரு கேப்பாரு."

மகள் கைப்பேசியை வாங்கி, "சாப்டீங்களாப்பா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். அழைப்பு முடிந்தது. நான் சொன்னது கடுமை என்று அவர்கள் எண்ணக்கூடும். ஓராண்டாக என் வீட்டில் எனக்குச் சொல்லப்பட்டவற்றுள் எது மெய், எது என்னைத் தட்டிக்கொடுப்பது என்று பிரித்தறிய எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவள் இனி ஓதாமலே போகலாம். அப்படியானால் அதுவாவது மெய்யாக இருக்கட்டும்.

அதன்பின் அமர்ந்து இதை எழுதினேன். அட்டைப்பெட்டி இன்னும் அறையின் மூலையில் இருக்கிறது. சின்னவளின் கொட்டை எழுத்து மங்கவில்லை. அவள் அன்று சொன்ன இலக்கணத்தில் பிழையில்லை என்றே இப்போதும் தோன்றுகிறது. உடையும் இருந்தது, பொருளும் இருந்தது.

இதை வாசிக்கும் நீங்கள் எவ்வூரினராயினும், எச்சமயத்தவராயினும், உங்கள் இல்லத்தில் விளக்கு குன்றாதிருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் எந்த மொழியில் எழுத்துக் கூட்டினாலும் அந்த எழுத்து அவர்களுக்குத் துணைநிற்கட்டும். உங்களிடம் சொல்லப்படுவது கசந்தாலும் மெய்யாகவே சொல்லப்படட்டும். உங்கள் முன் கூப்பப்படும் கைகள் தாமாகக் கூம்புக. ஒடிந்ததைக் கொண்டு எழுதிய ஐயன் உங்கள் அனைவரையும் காக்க.